டிஸ்க் விலகிடுச்சா... பதறாதீங்க!

‘டிஸ்க் விலகிடுச்சாம்!’

இந்த இரண்டு வார்த்தை போதும், ஒரு குடும்பமே ஆடிப் போய்விடும். நேற்று வரை ஸ்கூட்டரில் ஆபீஸ் போய் வந்தவர் இன்று கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பார். ‘உடனே ஆபரேஷன் பண்ணணும்’ என்பார் ஒருத்தர். ‘ஐயையோ, முதுகுல கத்தி வெச்சா கால் விளங்காமப் போயிடும்’ என்பார் இன்னொருத்தர். ‘எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார், ஒரு தட்டு தட்டினா போதும்’ என்று பெரியம்மா போன் பண்ணுவார். பத்துப் பேர் பத்து யோசனை சொல்ல, வலியில் துடிக்கிறவருக்குப் பயம்தான் மிச்சம்.

முதலில் ஒரு நல்ல சேதி. இந்தத் தொல்லை வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தியே படாமல், சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். கொஞ்சம் பேருக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறது. மிக மிகச் சிலருக்கு அது இன்றைக்கே, இப்போதே தேவைப்படுகிறது. நீங்கள் இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது.

விலகுவது எது?

நம் முதுகுத்தண்டில் மொத்தம் 33 எலும்புகள். கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிப் போனவை. மேலே உள்ள எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, நடுவே மெத்தை மாதிரி வைக்கப்பட்டிருப்பதுதான் டிஸ்க். பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ என்கிறோமே, அதுதான். மொத்தம் 23 டிஸ்குகள் இருக்கின்றன.

ஒரு டிஸ்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? வெளியே டயர் மாதிரி பல அடுக்காகப் பின்னிய முரட்டு நார் வளையம். உள்ளே நுங்கு மாதிரி வழுவழுப்பான ஒரு பொருள். இளம் வயதில் அந்த நுங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நீங்கள் நடக்கும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது இதுதான்.

வயது ஏற ஏற நுங்கு முற்றிப் போகிற மாதிரி, உள்ளே இருக்கும் ஈரம் குறைகிறது. வெளி வளையத்தில் மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன. அப்படி ஒரு பலவீனமான இடத்தில், ஒரு நாள் வாளியைத் தூக்கும்போதோ, சும்மா தும்மும்போதோ, உள்ளே இருக்கும் பொருள் பிதுங்கி வெளியே வருகிறது. இதைத்தான் ‘டிஸ்க் விலகிடுச்சு’ என்று சொல்கிறோம்.

உண்மையில் டிஸ்க் எங்கேயும் விலகுவதில்லை! மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் அது இறுக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் இருந்து தட்டு நகர்வது போல நகர்ந்துவிடாது. நடப்பது பிதுக்கம். இது ஏன் முக்கியம் என்றால், ‘விலகியதைத் தட்டி உள்ளே தள்ளிடறேன்’ என்று யாராவது சொன்னால், அது நடக்காத காரியம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

முதுகில் கோளாறு, காலில் ஏன் வலி?

பிதுங்கிய துண்டு பெரும்பாலும் பின்பக்கமாக, கொஞ்சம் ஓரமாக வருகிறது. அங்கேதான் காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருக்கிறது. துண்டு நரம்பை அழுத்துகிறது. அது மட்டுமல்ல, அதிலிருந்து கசியும் ரசாயனங்கள் நரம்பை எரிச்சல்படுத்தி வீங்க வைக்கின்றன. அதனால்தான் சின்னத் துண்டு ஒருவரைப் படுக்கையில் தள்ளுகிறது, பெரிய துண்டு இன்னொருவரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறது.

வலி புட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கம் வழியாக, கெண்டைக்கால் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ‘சுரீர்’ என்று இறங்கும். இருமினால், தும்மினால், முக்கினால் அதிகமாகும். பல பேருக்கு முதுகு வலியைவிடக் கால் வலிதான் பெரிசாகத் தெரியும். இந்தக் கால் வலிக்குத்தான் ‘சயாட்டிகா’ என்று பெயர்.

இடுப்பு டிஸ்க் பிதுக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கடைசி இரண்டு டிஸ்குகளில்தான் வருகிறது. ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5’, ‘எல்5-எஸ்1’ என்று போட்டிருப்பார்களே, அவைதான் அந்த இரண்டும். உடம்பின் பாரம் முழுக்க வந்து இறங்கும் இடம் அது. முதலாவதில் கோளாறு என்றால், பொதுவாகப் பாதத்தின் மேல்பகுதியும் கட்டைவிரலும் மரத்துப் போகும், குதிகாலால் நடக்க முடியாது. இரண்டாவதில் என்றால் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்துப் போகும், நுனிக்காலில் நிற்க முடியாது. டாக்டர் உங்களை ஹாலில் அப்படியும் இப்படியும் நடக்கச் சொல்வதும், மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை மடக்காமல் தூக்கிப் பார்ப்பதும் விளையாட்டுக்கு இல்லை. எந்த நரம்பு மாட்டியிருக்கிறது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

யாருக்கு வரும்?

அதிகமாக 30 வயதிலிருந்து 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. வயதானவர்களுக்குத்தானே வரணும் என்று தோன்றும். ஆனால் ரொம்ப வயதானால் பிதுங்குவதற்கு உள்ளே நுங்கே அதிகம் மிச்சம் இருக்காது! பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் நீங்கள் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதையாக இருங்கள். புகைபிடிப்பவர்கள், எடை கூடியவர்கள், குண்டும் குழியுமான சாலையில் நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்கள், மூட்டை தூக்குபவர்கள், லேப்டாப் முன்னால் கூன் போட்டு மணிக்கணக்கில் உட்காருபவர்கள் என்று பட்டியல் நீளும்.

குனிந்து தூக்குவது எவ்வளவு ஆபத்து? 1999-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், ஒருவருடைய இடுப்பு டிஸ்குக்குள்ளேயே சின்னக் கருவியை வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது ஒரு பங்கு என்றால், படுத்திருக்கும்போது ஐந்தில் ஒரு பங்குதான். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது நாலரை மடங்கு! முழங்காலை மடக்கித் தூக்கியபோது சுமார் மூன்றரை மடங்கு. அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது இரண்டு மடங்கு சொச்சம்தான். நம் வீட்டு காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். இனிமேல் அதை ஒற்றைக் கையால் தூக்கி வீரம் காட்டுவீர்களா?

எல்லா முதுகு வலியும் டிஸ்க் அல்ல

முதுகு வலிகளில் பெரும்பாலானவை தசைப்பிடிப்பு, சுளுக்கு ரகம்தான். தானாகவே போய்விடும். ஆனால் சில வலிகளை அலட்சியம் செய்யவே கூடாது. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி இருந்தால் முதுகெலும்பில் டி.பி. இருக்கலாம். நம் நாட்டில் இது அபூர்வமில்லை. ஏற்கெனவே புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும், வயதானவர்கள் லேசாக விழுந்த பிறகு வலி வந்தாலும், நாள் தள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட் பயமுறுத்துதே!

வலி வந்த மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். முன்னால் சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை, காலில் பலக்குறைவும் இல்லை என்றால் ஆறு வாரம் வரை பொறுத்துப் பார்ப்பதே பொதுவான வழக்கம்.

காரணம் என்ன? 1994-ல் அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார்கள். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல், அதாவது 52 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஒரு டிஸ்காவது வீங்கியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுக்கமே இருந்தது! அவர்கள் எல்லாம் ஜாலியாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே ரிப்போர்ட்டில் ‘பல்ஜ்’ என்று பார்த்ததும் இடிந்து போகாதீர்கள். வயதானால் தலை நரைக்கிற மாதிரி அதுவும் ஒன்றாக இருக்கலாம். படத்தில் தெரிகிற இடமும் உங்கள் காலில் வலிக்கிற இடமும் ஒத்துப் போகிறதா என்பதுதான் கேள்வி. படத்துக்கு வைத்தியம் கிடையாது, உங்களுக்குத்தான் வைத்தியம்!

முதல் ஆறு வாரம்

முன்பெல்லாம் மூன்று வாரம் அசையாமல் படு என்பார்கள். அந்தக் காலம் போயிற்று. 1999-ல் நெதர்லாந்தில் சயாட்டிகா நோயாளிகளில் ஒரு பகுதியினரை இரண்டு வாரம் படுக்க வைத்தும், மற்றவர்களை முடிந்தவரை நடமாட விட்டும் பார்த்தார்கள். படுத்திருந்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. வலி உயிர் போகிற நேரத்தில் ஓரிரு நாள் படுங்கள், தப்பில்லை. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயாவது நடக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

வளர்ந்தவர்களின் டிஸ்குக்கு உள்ளே ரத்தக் குழாய் போவதில்லை. சுற்றியிருக்கும் எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. உடம்பு அசைந்தால்தான் அந்த ஊற்று நன்றாக வேலை செய்யும்.

வலி மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் சில நாளைக்கு உதவும். ஆனால் மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் கோளாறு என்று வேறு கதை ஆரம்பித்துவிடும். பி.பி., சுகர், இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நரம்பு வலிக்கென்று தரப்படும் பிரிகாபலின் மாத்திரை சயாட்டிகாவுக்குப் பெரிதாகப் பலன் தரவில்லை என்று 2017-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. தலைசுற்றல்தான் மிச்சம். எனவே அதைக் கேட்டு வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் வலியைக் குறைத்து மூச்சு விட நேரம் தரும். நிரந்தரத் தீர்வு அல்ல. சுகர் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்க முடியாத வலி கொஞ்சம் அடங்கியதும் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மெதுவாக நெஞ்சை உயர்த்துவது பலருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு வலியைக் கூட்டும். அதனால் புத்தகத்தையோ செல்போன் வீடியோவையோ பார்த்து நீங்களாகச் செய்யாமல், உங்கள் உடம்புக்கு எது ஒத்து வருகிறது என்று பார்த்துச் சொல்லித் தரச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கணக்கு: பயிற்சி செய்யும்போது பாதத்தில் இருந்த வலி மேலே ஏறி இடுப்புக்கு வந்தால் நல்லது. இடுப்பில் இருந்த வலி கீழே பாதத்துக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். வெளியே வந்த துண்டை உடம்பு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. அதிலும் பெரிதாக உடைந்து வெளியே விழுந்த துண்டுதான் அதிகமாகக் கரைகிறது. உடம்பு அதை வேற்றுப் பொருள் என்று நினைத்துத் தின்று தீர்க்கிறது!

காலையில் குனியாதீங்க

ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சிப் பூரிக்கிறது. காலையில் நம் உயரம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது அதனால்தான். பூரித்திருக்கும் டிஸ்க் குனியும்போது அதிக இறுக்கத்துக்கு ஆளாகும். எழுந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி, வாசல் தெளித்து, குனிந்து கோலம் போடும் வழக்கம் இருந்தால், வலி தீரும் வரை அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். முதல் ஒரு மணி நேரம் நடமாடிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

இந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்!

தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. டாக்டர்கள் அதற்கு வைத்த பெயரே ‘குதிரை வால்’ என்றுதான் அர்த்தம் தரும். பெரிய துண்டு ஒன்று நடுவில் வந்து இந்தக் கொத்தையே நசுக்கினால், அதுதான் நிஜமான அவசரம்.

* சிறுநீர் வரவில்லை, அல்லது தெரியாமலே போய்விடுகிறது.
* மலத்தை அடக்க முடியவில்லை.
* சைக்கிள் சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப் போயிருக்கிறது. கழுவும்போது தொட்ட உணர்வே இல்லை.
* இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வலுவிழக்கின்றன.

இதில் ஒன்று இருந்தாலும் அந்த ராத்திரியே, ஆபரேஷன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடலாம். தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். நேரம் கடந்து ஆபரேஷன் செய்தால் முதுகு வலி போகும், ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பி வராமலே போகலாம். ‘இதைப் போய் எப்படிச் சொல்றது’ என்று கூச்சப்பட்டு மறைப்பவர்கள் நிறைய. முக்கியமாகப் பெண்களும் வயதானவர்களும். வீட்டில் யாருக்காவது முதுகு வலி கடுமையாக இருந்தால், ‘யூரின் சரியாப் போகுதா?’ என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

கால் நாளுக்கு நாள் பலம் குறைந்து, பாதம் தொங்கிப் போய், செருப்பு நழுவி விழுந்தாலும் சில நாட்களுக்குள் நிபுணரைப் பார்த்தாக வேண்டும்.

ஆபரேஷன்... யாருக்கு, எப்போது?

பிதுங்கிய டிஸ்க்தான் சயாட்டிகாவுக்குக் காரணம், அதை எடுத்தால் வலி போகும் என்று 1934-ல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பாஸ்டன் டாக்டர்கள் எழுதினார்கள். அன்றிலிருந்து தொடங்கியதுதான் இந்த ஆபரேஷன். இன்றைக்கு மைக்ராஸ்கோப் வைத்து ஓர் அங்குல அளவு கீறலில், நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் மறுநாளே நடக்கிறார்கள்.

‘கால் விளங்காமப் போயிடும்’ என்ற பயம் நியாயமா? கடைசி இரண்டு டிஸ்குகள் இருக்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாது, அது மேலேயே முடிந்துவிட்டது. நரம்பு வேருக்குச் சேதம், உறையில் கிழிசல், கிருமித் தொற்று என்று சில ஆபத்துகள் உண்டு. ஆனால் அவை குறைவு. நூற்றில் 5 முதல் 15 பேருக்கு மறுபடி பிதுக்கம் வரலாம்.

நெதர்லாந்தில் 2007-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உங்கள் முடிவுக்கு உதவும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் சயாட்டிகாவால் அவதிப்பட்ட 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றவர்களுக்கு மருந்தும் பொறுமையும். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த ஒரு வருஷத்துக்குள் வலி தாங்காமல் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதும் உண்மை.

இதன் அர்த்தம் என்ன? நரம்புக்கு ஆபத்து இல்லாதவரை, ஆபரேஷன் என்பது வலியிலிருந்து சீக்கிரம் விடுபடும் குறுக்கு வழி. அது கட்டாயம் அல்ல, உங்கள் தேர்வு. தினக்கூலி வேலை, லீவு கிடைக்காத வேலை, தாங்க முடியாத வலி என்றால் செய்துகொள்வது நியாயம். தாங்க முடிகிறது, நாளுக்கு நாள் குறைகிறது என்றால் காத்திருப்பதும் நியாயம். கால் வலிக்குத்தான் இந்த ஆபரேஷன் நன்றாகக் கேட்கும். வெறும் இடுப்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்காது.

உங்கள் சந்தேகங்கள்

சுளுக்கு எடுப்பவரிடம் காட்டலாமா? கால் முன்னால் பிறந்தவரை மிதிக்கச் சொல்கிறார்களே? தசைப்பிடிப்பு என்றால் இதமாக எண்ணெய் தேய்த்து விடுவதில் தப்பில்லை. ஆனால் கால் மரத்துப் போயிருக்கும்போது முதுகில் ஏறி மிதிப்பதும், இடுப்பை முறுக்கி ‘டக்’ என்று சொடுக்குவதும் ஆபத்து. சின்னப் பிதுக்கம் பெரிதாகிவிடலாம்.

உருளைக்கிழங்கு சாப்பிட்டதால் வந்த வாயுப் பிடிப்பா? வாயுவுக்கும் டிஸ்குக்கும் சம்பந்தமே இல்லை. உருளைக்கிழங்கைத் திட்டாதீர்கள்! ஆனால் மலச்சிக்கல் கூடாது. முக்கினால் வலி ஏறும். கீரை, பழம், தண்ணீர் நிறையச் சேருங்கள்.

பெல்ட் போடலாமா? பயணம், வேலை நேரத்தில் கொஞ்ச நாளைக்குப் போடலாம். தினமும் முழு நேரமும் போட்டால், இயற்கையான பெல்ட்டான வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் சோம்பேறியாகிவிடும்.

தரையில்தான் படுக்கணுமா? வேண்டாம். பாயில் படுத்து எழுந்திருப்பதே பெரும்பாடு. ரொம்பப் பள்ளம் விழாத, ரொம்பக் கல்லாகவும் இல்லாத மெத்தை போதும்.

தாம்பத்தியம்? வலி குறைந்ததும் தாராளமாக. வலி இருப்பவர் கீழே படுத்துக்கொண்டாலோ, இருவரும் ஒருக்களித்துப் படுத்தாலோ சிரமம் குறையும்.

மறுபடி வராமல் இருக்க? தினம் அரை மணி நேர நடை, முதுகு-வயிற்றுத் தசைகளுக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, சிகரெட்டுக்கு முழுக்கு. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். எதைத் தூக்கினாலும் முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

வீட்டுக்காரருக்கு டிஸ்க் என்றால் வீடே கூடி நின்று கவனிக்கிறோம். அதே வலி அம்மாவுக்கோ மனைவிக்கோ வந்தால், ‘வயசாயிடுச்சு, இடுப்பு வலி எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று தைலத்தை நீட்டிவிட்டுப் போய்விடுகிறோம். மாவு கிரைண்டரைக் கழுவுவதும், ஈரத்துணி வாளியை மாடிக்குத் தூக்குவதும், குழந்தையைக் குனிந்து அள்ளுவதும் அவர்கள்தான். ‘கால்ல ஏதாவது மரத்துப் போற மாதிரி இருக்கா?’ என்று இன்றைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்படியே அந்த வாளியையும் நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள், முழங்காலை மடக்கி!